அச்சத்தின் நான்காம் நிலைக்களன்: ‘சைலன்ட் ஹில் 2’ விளையாட்டை முன்வைத்து

அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் நான்கினைச் சுட்டும்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் அஞ்சுபவனின் தகுதியையோ தவற்றையோ பொருட்படுத்துவதில்லை. புலி பாய்வதற்குக் காரணம் வேண்டியதில்லை. நான்காவது அவ்வாறன்று. தன்னைத் தண்டிக்கும் உரிமையுடைய ஒருவர்முன் நிற்கும்போது எழுவது அது. பெரும்பாலும் தன் பிழையின் நினைவோடு சேர்ந்தே வருவது. இவ்வேறுபாடு வீடியோ விளையாட்டு என்னும் அண்மைக்காலக் கலைவடிவத்தை மதிப்பிடவும் துணைசெய்கிறது.

குறைந்த ஆயுதங்களோடு உயிர்பிழைப்பதையே நோக்கமாகக் கொண்ட அச்ச விளையாட்டுகள், ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவி’லுக்குப் பின் தனி வகையாக வேரூன்றின. இவ்வகையில் வரும் இரண்டாம் பாகம் ஓர் இடர்ப்பாட்டோடுதான் பிறக்கிறது. முதற்பாகத்தில் விளையாடுபவரை அச்சுறுத்தியது அறியாமை. இரண்டாம் பாகத்திற்கு வருபவரோ கதவுக்கு அப்பால் எத்தகையது காத்திருக்கும் என்பதை ஓரளவு அறிந்தவர். ‘ரெசிடென்ட் ஈவில் 2’ (1998) இதற்குக் கண்ட தீர்வு பெருக்கம். மாளிகை இருந்த இடத்தில் ஒரு நகரம், கூட்டங்கூட்டமாய் நடைபிணங்கள், விடாது துரத்தும் பேருருவம் ஒன்று. தேர்ந்த படைப்புத்தான், எனினும் அங்குள்ள அச்சம் அணங்கையும் விலங்கையும் தாண்டவில்லை. எண்ணிக்கையால் வரும் அச்சம் சில மணி நேரத்தில் பழகிவிடும்.

கொனாமி நிறுவனத்தின் ‘சைலன்ட் ஹில்’ (1999) பனிமூட்டத்தைத் தன் அடையாளமாக்கியது. தொலைவிலுள்ளவற்றை வரைந்து காட்ட அன்றைய பிளேஸ்டேஷன் கருவிக்கு ஆற்றல் போதவில்லை; அக்குறையை மறைத்த மூட்டமே அச்சத்தின் ஊற்றாயிற்று. கொடிய உயிர்கள் அருகில் வந்தால் கைவானொலி இரையும் என்பதும் அவ்விளையாட்டு கற்பித்த பாடம். 2001இல் வந்த இரண்டாம் பாகம் இவ்விரண்டையும் ஊரின் பெயரையும் வைத்துக்கொண்டு, மகளைத் தேடும் தந்தையின் கதையையும் அதன் பின்னணியிலிருந்த மறைவழிபாட்டுக் குழுவையும் கைவிட்டது. மசாஷி சுபோயாமா இயக்க, ஹிரோயுகி ஓவாகு கதை எழுதினார். தொடர்ச்சி என்பதைக் கதையில் தேடாமல் இடத்தில் தேடிய இம்முடிவே அதன் முதல் வெற்றி.

ஜேம்ஸ் சண்டர்லண்ட் என்பவனுக்கு இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து கடிதம் வருகிறது. அவள் நோயால் இறந்து மூன்றாண்டுகள் ஆயின என்கிறான். இருவருக்கும் உரிய இடத்தில் காத்திருப்பதாக அழைக்கும் அக்கடிதத்தை நம்பி ஊருக்குள் இறங்குகிறான். தொடக்கத்திலுள்ள அந்த நீண்ட இறக்கத்தில் ஒன்றும் நிகழ்வதில்லை. பொறுமையற்றோர்க்கு இது குறையாகத் தோன்றலாம்.

‘பிரமிட் ஹெட்’ எனப்படும் உருவத்தின் முதல் தோற்றம் நுணுகி நோக்கத்தக்கது. உட்சைடு அடுக்ககத்தின் நடைவழியில் இரும்புக் கம்பிகளுக்கு அப்பால் அது நிற்கிறது, பாய்வதில்லை, நகர்வதுமில்லை. விலங்கச்சத்தின் இலக்கணத்தைப் பயின்று வந்தவர் தாக்குதலை எதிர்பார்க்கிறார். அதுவோ வெறுமனே எதிரே நின்றிருக்கிறது. மசாஹிரோ இதோ வடிவமைத்த இவ்வுருவம் அவ்வூரின் பழைய தூக்குத்தண்டனைக்காரர்களின் சாயல் கொண்டது என்பது பின்னர் ஓர் ஓவியத்தால் தெரியவருகிறது. ஏரிக்கரை விடுதியின் 312ஆம் அறையில் ஜேம்ஸ் ஒளிநாடாவைப் போட்டுப் பார்க்கும்போது உண்மை வெளிப்படுகிறது. நோயுற்ற மேரியைத் தலையணையால் அழுத்திக் கொன்றவன் அவனே. தன்னைத் தண்டிக்க ஒருவர் தேவைப்பட்டதால்தான் அவ்வுருவம் வந்தது என அவனே உணர்கிறான். அணங்கு என்று அதுகாறும் எண்ணப்பட்டது இறை என்று தெளிவாகிறது. அவ்விறையை அமர்த்தியவனும் குற்றவாளியே. எட்டு வயதுச் சிறுமி லாரா அதே தெருக்களில் தடையின்றித் திரிவதன் காரணமும் இங்கு விளங்குகிறது. அவளிடம் பிழையில்லை, அவள் கண்ணுக்குக் கொடிய உயிர் எதுவும் தென்படுவதில்லை.

இதுவரை கூறியவை ஒரு புதினத்திற்கும் பொருந்தும். விளையாட்டுக்கே உரியது வேறொன்று. கதையின் முடிவுகள் பல. எது வாய்க்கும் என்பதை எந்தத் தெரிவுப் பட்டியலும் கேட்பதில்லை. விளையாடுபவரின் சிறு நடத்தைகளைக் கணக்கிட்டு விளையாட்டே முடிவுசெய்கிறது. மேரியின் படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தவருக்கு ஒரு முடிவு. அவள் சாயலில் வரும் மரியாவின் அருகிலேயே இருந்து காத்தவருக்கு வேறொன்று. ஏஞ்சலா விட்டுச்சென்ற கத்தியை அடிக்கடி நோக்கியவரும் காயத்தை ஆற்றாமல் திரிந்தவரும் ஜேம்ஸை நீரில் மூழ்கும் முடிவை நோக்கித் தள்ளுகின்றனர். தீர்ப்பு வழங்கப்படும்வரை விசாரணை நடப்பதே தெரியாது. தம் இறைமுன் நிற்பவன் ஜேம்ஸ் மட்டுமல்லன் என்பதை இரண்டாம் முறை விளையாடுபவரே அறிவார். அவருடைய கை முன்போல் இயல்பாக இயங்காது.

சண்டைப் பகுதிகள் இத்தரத்தன அல்ல. இறைச்சிக் கிடங்கில் எட்டியோடு நிகழும் மோதல், அவன் கதையிலுள்ள அவமானத்தின் வலியை வெறும் சுடுபயிற்சியாகச் சுருக்கிவிடுகிறது.

பிற்காலத்தார் பிரமிட் ஹெட்டைப் பயன்படுத்திய விதம் இவ்வாய்விற்கு எதிர்மறைச் சான்றாகும். 2006ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் ‘ஹோம்கமிங்’ (2008) விளையாட்டிலும் அவ்வுருவம் வருகிறது. ஆனால் அங்கு ஜேம்ஸ் இல்லை, அவன் குற்றமும் இல்லை. குற்றவாளி நீங்கியபின் எஞ்சுவது பெரிய கத்தி ஏந்திய ஒரு விலங்கே. தோற்றத்தில் மாற்றம் சிறிதுதான். அச்சமோ நான்காம் களனிலிருந்து இரண்டாம் களனுக்கு இறங்கிவிடுகிறது.

போலந்தின் புளூபர் டீம் உருவாக்கி 2024இல் வெளிவந்த மறுவாக்கம் அத்தவற்றைச் செய்யவில்லை. ஜேம்ஸின் தோளுக்குப் பின்னிருந்து காட்டும் புதிய ஒளிப்பதிவுக் கோணம் சண்டையை எளிதாக்குகிறது; வானொலி இரைந்தும் எதிரி கண்ணில் படாத பழைய கோணங்களின் தவிப்பு அதில் குறைவு. எனினும் விளையாடுபவரை அறிவிப்பின்றிக் கண்காணிக்கும் அக்கணக்கு நீக்கப்படவில்லை. முடிவுகளோடு மேலும் இரண்டு சேர்ந்துள்ளன.