'பிறன்', 'அடுத்திருப்பவர்': அன்புக் கட்டளையின் இரு தமிழாக்கங்கள்

இறையன்பும் பிறரன்பும் கிறித்தவ அறத்தின் மையம். இணைச்சட்டம் 6:5, லேவியர் 19:18 ஆகியவற்றில் தனித்தனியே உள்ள இவ்விரு கட்டளைகளை நற்செய்தி நூல்கள் இணைத்துரைக்கின்றன. இரண்டாம் கட்டளையில் அன்பிற்குரியவரைச் சுட்டும் கிரேக்கச் சொல் 'பிளேசியோன்'. அருகிலிருப்பவர் என்பது அதன் பொருள். அதனைப் பழைய மொழிபெயர்ப்பு 'பிறன்' என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'அடுத்திருப்பவர்' என்கிறது. திருக்குறளின் 'பிறனில் விழையாமை' என்னும் அதிகாரத் தலைப்பிலும் 'பிறன்' அயலானையே குறிக்கும்.

இவ்வேறுபாட்டின் விளைவு நல்ல சமாரியர் உவமையில் (லூக்கா 10:25–37) புலப்படுகிறது. தாம் அன்புகூர வேண்டியவர் யார் எனச் சட்ட அறிஞர் வினவுகிறார். யூதர் விலக்கிய சமாரியர் ஒருவர், அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவியதைக் கூறிய இயேசு, அடிபட்டவருக்கு அத்தகையவராய் இருந்தவர் யார் எனத் திருப்பிக் கேட்கிறார். அன்பைப் பெறுபவரைக் குறித்த சொல் இப்போது அன்பு செய்தவரைக் குறிக்கிறது. உதவியவரைப் 'பிறன்' என்பது இத்திருப்பத்தின் கூர்மையை மழுக்குகிறது. 'அடுத்திருப்பவர்' அதனைக் காக்கிறது.

எனினும், தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்த ஊரில் அடுத்திருப்பவர் பெரும்பாலும் தன் சாதியினரே. கட்டளை ஒரு தெருவுக்குள் சுருங்க இச்சொல் இடந்தருகிறது. 'பிறன்' அதனைத் தடுக்கிறது. பிறனாக ஒதுக்கப்பட்டவர் அடுத்திருப்பவர் ஆவதே உவமையின் இயக்கம். அதன் தொடக்கத்தை ஒரு மொழிபெயர்ப்பும் முடிவை மற்றொன்றும் காட்டுவதால், இரண்டும் இணைத்துப் பயிலத்தக்கன.