றுஸ்தமுக்கு முன்னால் எரிந்த நகரம்

சின்ன வயதில் எங்கட வீட்டில் றுஸ்தம் கதை என்றால் அது ஏழு கண்டங்களின் கதைதான். சிங்கம், தண்ணீரில்லாப் பாலை, பெரும்பாம்பு, சூனியக்காரி என்று வாப்பா சொல்லச் சொல்ல நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். இந்த மனிசன் ஏன் அந்த வழியால் போக வேண்டி வந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பிர்தௌஸி 1010 இல் நிறைவுசெய்த ஷாநாமாவின் அந்தப் பகுதியை அண்மையில் மொழிபெயர்ப்பில் முழுதாக வாசித்தபோதுதான் எனக்கு அந்தக் கேள்வி எழுந்தது.

கைகாவூஸ் மன்னனின் சபைக்கு ஓர் அரக்கன் பாடகன் வேடத்தில் வருகிறான். மாசந்தரான் நாட்டின் தோட்டங்களையும் வாடாத வசந்தத்தையும் பாடுகிறான். படையெடுப்புக்குக் காரணம் அவ்வளவுதான். எல்லைத் தகராறில்லை, பழிவாங்கலில்லை. ஒரு பாட்டு, அதிலிருந்து பிறந்த ஆசை. ஜம்ஷீதும் பரீதூனும்கூடத் துணியாத காரியம் இது என்று றுஸ்தமின் தந்தை ஸால் எடுத்துச் சொல்கிறார். மன்னன் கேட்கவில்லை.

எல்லையை அடைந்ததும் கீவ் என்ற தளபதி முன்னே அனுப்பப்படுகிறான். எதிர்ப்பட்டவரை வெட்டு, வீடுகளைக் கொளுத்து என்பது கட்டளை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விலக்கில்லை. சுவனம்போல வருணிக்கப்படும் நகரம் சூறையாடப்படுகிறது. வெள்ளை அரக்கன் இருளைக் கவிப்பது அதற்குப் பிறகுதான். விடியும்போது மன்னனுக்கும் படையில் பெரும்பகுதிக்கும் பார்வை இல்லை. இந்த வரிசை தற்செயலானதல்ல என்பதே என் வாசிப்பு. கண் போகுமுன்பே மன்னனுக்குப் புத்தி இருண்டுவிட்டது.

றுஸ்தம் வருகிறான், அரக்கனைக் கொல்கிறான். அந்தக் குருதியைக் கண்ணில் விட மன்னனுக்குப் பார்வை திரும்புகிறது. ஆனால் படிப்பினை? அது வரவில்லை. பிறகு அதே மன்னன் ஹாமாவரானுக்குப் போய் அங்கும் சிறைப்படுகிறான். மீட்கத் திரும்பவும் றுஸ்தம்தான் போக வேண்டியிருக்கிறது. மாசந்தரானின் சிம்மாசனமோ, றுஸ்தமுக்கு வழிகாட்டிய ஔலாதுக்குக் கிடைக்கிறது. படையெடுப்புகள் பெரும்பாலும் இப்படித்தானே முடிகின்றன!

பிர்தௌஸி மன்னனைக் கண்டிக்கத் தயங்கவில்லை. எனக்கு ஒரு குறை உண்டு. கீவ் கொளுத்திய நகரத்து மனிதர் ஒருவருக்காவது காப்பியம் பெயரோ குரலோ கொடுக்கவில்லை. வெள்ளை அரக்கன் வந்ததும் அவர்கள் கதையிலிருந்து காணாமற் போகிறார்கள். நாமும் றுஸ்தமின் பின்னால் ஓடிவிடுகிறோம். படைப்போர் இலக்கியங்களைச் சுவைத்து வளர்ந்த நமக்கு இந்த ஓட்டம் புதிதல்ல. வெற்றியை மட்டும் எண்ணிப் பழகிய செவி நம்முடையது.

வாப்பா சொன்ன கதையை என் பிள்ளைகளுக்கும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் சிங்கத்திலிருந்து அல்ல, அந்த நகரத்திலிருந்து தொடங்குவேன்.