மீட்கப்பட்ட கண்மாயும் அதன் பணமதிப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் பருவமழை நீரைத் தேக்கி, நிரம்பி வழிவதைக் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் அமைப்பே, இராசபாளையம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வரையுள்ள வட்டாரத்தின் வேளாண்மையை நெடுங்காலமாகத் தாங்கி வந்திருக்கிறது. இத்தகைய கண்மாய்களைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மடைகளைச் செப்பனிடும் பணிக்காகத் தமிழ்நாடு அரசு 2017-இல் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கி, முதற்கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்குப் பாசன நிர்வாகம் வழக்கமாகத் தரும் விடை, பயன்பெறும் ஆயக்கட்டின், அதாவது பாசன நிலத்தின், பரப்பளவு மட்டுமே.

அவ்விடை போதாது என்பதைச் சூழல்சேவை மதிப்பீடு வலுவாகக் காட்டுகிறது. இயற்கை அமைப்பொன்றிலிருந்து மனிதர் பெறும் பயன்கள் அனைத்தும் சூழல்சேவைகள் எனப்படும். 2005-இல் வெளிவந்த ஆயிரமாண்டுச் சூழல் மதிப்பீடு அவற்றை வழங்கல், ஒழுங்குபடுத்தல், பண்பாடு, ஆதாரம் என நான்காக வகுத்தது. இந்தக் கண்ணோட்டத்தில், நெல்லுக்குப் பாயும் நீரோடு கிணறுகளில் ஊறும் நீர், மீன்பாசிக் குத்தகை, உள்வாயில் மேயும் ஆடுமாடுகள், வயலுக்குச் செல்லும் வண்டல், வெள்ளத்தின் வேகம் தணிதல் ஆகியவையும் கணக்கில் ஏறுகின்றன. பயன் எண்ணாக எழுதப்படாத நீர்நிலை, வீட்டுமனைக்கும் சாலைக்கும் எளிதில் இரையாவதைத் தமிழகம் பலமுறை கண்டுவிட்டதால், இவ்வகைக் கணக்கின் தேவையை மறுக்க இயலாது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் நக்கிவுபோ சதுப்புநிலம் நகரின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்துவதை, அதே வேலைக்கு ஆலை அமைத்து நடத்த ஆகும் செலவோடு ஒப்பிட்ட 1999 ஆய்வு, 'மாற்றுச் செலவு முறை' என்ற இந்த உத்தியின் ஆற்றலுக்குத் தக்க சான்று.

ஆயினும் தனித்தனிப் பயன்களைக் கூட்டி ஒரே தொகையாக்கும்போது குறைகள் தலைதூக்குகின்றன. அவற்றுள் முதன்மையானது நிலத்தடி நீர் பற்றியது. கண்மாய் நிரம்பினால் சுற்றுக்கிணறுகளின் மட்டம் உயர்கிறது. ஊறிய நீருக்கு ஒரு மதிப்பும், அந்நீரால் விளைந்த தென்னைக்கும் மாவுக்கும் இன்னொரு மதிப்பும் இட்டுக் கூட்டினால், ஒரே பயன் இருமுறை எண்ணப்படுகிறது. தமிழ்நாட்டில் வேளாண் இணைப்புகளுக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பதால், நீர்மட்டம் உயர்ந்து குறையும் மின்செலவின் ஆதாயம் உழவரின் கைக்கு வராமல் அரசின் மானியச் சுமையைக் குறைப்பதில் போய்ச் சேர்கிறது. உழவரிடம் மட்டும் கேட்டு நடத்தும் மதிப்பீட்டில் அது பதிவாவதே இல்லை. மேலும், இந்தப் பயன் கிணறும் மோட்டாரும் உடையவருக்கே உரியது. மடையை அடைத்து, கண்மாயைக் கிணறுகளுக்கு நீர் ஊற்றும் குளமாக மட்டும் வைத்துக்கொள்ளும் ஊர்களில், கிணறில்லாத கடைமடை விவசாயி தன் பங்கை இழக்கிறார். மொத்தத் தொகையோ உயர்ந்தே தோன்றுகிறது. இந்த முறையின் மிகக் கடுமையான குறை இதுவே.

நீர்நிலையைக் காக்க எவ்வளவு தருவீர் என மக்களிடம் வினவும் முறையிலும் இதே சாய்வு உண்டு. நிலமற்ற கூலித்தொழிலாளி குறைந்த தொகையைச் சொல்வது அவருடைய வருமானத்தின் அளவையே காட்டும், கண்மாய் அவருக்கு எவ்வளவு தேவை என்பதைக் காட்டாது. காலமும் கணக்கைப் புரட்டிவிடுகிறது. வருங்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைக்கப் பயன்படும் தள்ளுபடி வீதம் ஆண்டுக்கு 10 விழுக்காடானால், இருபது ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய் இன்று சுமார் 15 ரூபாயாகும். 4 விழுக்காடானால் சுமார் 46 ரூபாயாகும். கண்மாயின் பயனோ தலைமுறைகளுக்கு நீள்வது.

மீட்டெடுத்தது பழைய நிலைக்கு முழுவதும் திரும்பிவிடும் என்ற எடுகோளையும் ஐயுறவேண்டும். உலகெங்கும் 621 ஈரநிலங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, நூறாண்டு கடந்த பின்னும் மீட்கப்பட்டவற்றின் உயிரியல் அமைப்பு, ஒப்பிடத்தக்க இயற்கை ஈரநிலங்களைவிடச் சராசரியாக 26 விழுக்காடு தாழ்ந்திருப்பதாகக் கூறியது. பொக்லைன் கொண்டு உள்வாயை ஒரே சீராக ஆழப்படுத்துகையில் ஆழமற்ற கரையோரத்தில் இரைதேடும் பறவைகள் இடமிழக்கின்றன. கொள்ளளவைக் கூட்டும் வேலையே இன்னொரு சேவையைக் குறைக்கிறது.

ஆகவே தூர்வாருவதற்கு முன்பே நிலைமையைப் பதிந்துவைத்து, பணியால் ஏற்பட்ட மாற்றத்தை மட்டும் மதிப்பிட்டு, அதனை ஆயக்கட்டுதாரர், கிணற்றுக்காரர், மீன்பிடிப்போர், மேய்ப்போர் எனப் பெறுவோர்வாரியாகத் தனித்தனியே எழுதுவதே நேர்மையான கணக்கு. அவ்வாறு எழுதினும், அதனைத் தாங்கும் சட்டப்பிடி இன்னும் வலுவாக இல்லை: பாசன ஏரியான வேடந்தாங்கல் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோதிலும், இந்திய அரசின் 2017 ஈரநில விதிகள் பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன.