சாயும் நிலம், உருளும் கூட்டம்: ‘லோகோரோகோ’ – ஒரு மறுவாசிப்பு

வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், ‘ஏம்ப்பா, எழுதறதுக்கு வேற எதுவுமே கெடைக்கலையா?’ என்றார். சினிமாவைப் பற்றி நாம் எழுத ஆரம்பித்தபோது நம்மை நோக்கி வீசப்பட்ட அதே கேள்வி. கோடிக்கணக்கான பேர் கையில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் உழலும் ஒரு பிரதியை ‘குழந்தைகள் சமாச்சாரம்’ என்று ஒதுக்கிவிட முடியுமானால் நம் வேலை எவ்வளவோ சுலபமாகிவிடும். ஆனால் கருத்தியல் எப்போதுமே கோபமான முகத்தோடுதான் வரும் என்று யார் சொன்னது? சிரித்த முகத்தோடு, பாட்டுப் பாடிக்கொண்டு வருவதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

‘லோகோரோகோ’ 2006இல் சோனி நிறுவனத்தின் கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் போர்ட்டபிளுக்காக வெளிவந்தது. உருவாக்கியது அந்நிறுவனத்தின் ஜப்பான் ஸ்டுடியோ. தலைமை வடிவமைப்பாளர் சுதோமு கோனோ. அதற்கு முன்பு ‘இகோ’வில் வேலை செய்தவர். 2017 மே மாதம் அதே விளையாட்டு மெருகேற்றப்பட்டு பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது. அந்த ‘ரீமாஸ்டர்’ வடிவத்தைத்தான் இப்போது மறுபடி விளையாடிப் பார்த்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் பத்து நிமிஷத்துக்கு மனசு லேசாகிவிடுகிறது. மஞ்சளாக ஒரு உருண்டை. இரண்டு கண், ஒரு வாய். பழத்தைத் தின்றால் பெருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் அதிகபட்சம் இருபது உயிர்கள்வரை ஆகலாம். ஆனால் இருபதும் ஒரே உடலாகத்தான் உருள்கின்றன. வட்டப் பொத்தானை அழுத்தினால் சிதறித் தனித்தனியாகிவிடுகின்றன. அழுத்திப் பிடித்தால் திரும்பக் கூடி ஒன்றாகின்றன. குறுகலான பொந்துக்குள் நுழையக் கூட்டம் கலைந்தாக வேண்டும். வேறு சில இடங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்து பாடினால்தான் வழி திறக்கும். 1985இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ தொட்டு இந்த வகைமையை ஆண்டுவந்திருப்பது தனிமனித நாயகன்: ஓடுவான், தாவுவான், கடைசியில் ஜெயிப்பான். இங்கே நாயகன் என்று யாரும் இல்லை. கூட்டம்தான் இருக்கிறது. எப்போது கலைவது, எப்போது கூடுவது என்பதே விளையாட்டின் முழுப் பிரச்சினை. அமைப்பு வேலை செய்த யாருக்கும் இது வெறும் பொழுதுபோக்காக மட்டும் தெரியாது.

இங்கேதான் ஒரு சிக்கல். நாம் அந்த உருண்டையை நகர்த்துவதே இல்லை. இடது பொத்தானை அழுத்தினால் பூமி இடப்பக்கம் சாய்கிறது. வலதை அழுத்தினால் வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து அழுத்தி விட்டால் ஒரு துள்ளல். விளையாடுகிறவர் ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளும் இடம் லோகோரோகோ அல்ல, அந்தக் கிரகம். மக்களைத் தொடாமல், அவர்களுக்கு ஒரு வார்த்தை உத்தரவு போடாமல், அவர்கள் நிற்கும் நிலத்தைச் சாய்த்தால் போதும், போக வேண்டிய இடத்துக்கு அவர்களே உருண்டு போவார்கள். அதுவும் பாடிக்கொண்டே போவார்கள். அதிகாரம் செயல்படும் விதத்தைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியதை இந்த விளையாட்டு இரண்டு பொத்தானில் காட்டிவிடுகிறது. தான் என்ன காட்டுகிறோம் என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அவர்கள் பாடும் மொழியும் யோசிக்க வைப்பது. எந்த நாட்டு மொழியும் அல்லாத, இதற்கென்றே புனையப்பட்ட ஒலிகள். இசை நொபுயுகி ஷிமிசு, கெம்மெய் அதாச்சி. யாருக்கும் புரியாது என்பதாலேயே எல்லோராலும் பாட முடிகிறது. நம் ‘தன்னானே’யும் ‘ஏலேலோ’வும்கூட அகராதியில் தேடிப் பொருள் காண முடியாதவைதான். ஆனால் அவை நாற்று நடும் முதுகோடும் வலை இழுக்கும் கையோடும் ஒட்டியவை. இடையில் புகுந்து பண்ணையாரைக் கிண்டல் செய்ய ஒரு வரி எப்போதும் தயாராக இருக்கும். லோகோரோகோவின் பாட்டில் அந்த வரிக்கு இடமில்லை. சந்தோஷத்தைச் சொல்ல முடிந்த அந்த மொழியில் ‘மாட்டேன்’ என்று சொல்ல ஒரு சொல் இல்லை.

இனி மோஜாக்கள். விண்வெளியிலிருந்து வந்து லோகோரோகோக்களைக் கவ்விக்கொண்டு போகும் எதிரிக் கூட்டம். கறுத்த உடல், சடைசடையாகத் தொங்கும் முடி, தடித்த உதடு. ஜப்பானிய மொழியில் ‘மோஜாமோஜா’ என்றால் பரட்டையான, அடர்ந்த முடி. 2006இலேயே அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர் ஒருவர் இது கறுப்பரைக் கேலி செய்யும் பழைய மேடை வேஷத்தின் தொடர்ச்சி என்று எழுதினார். எதிர்பார்த்தபடியே, ‘பொம்மையில போய் இனவெறியைத் தேடறியே’ என்ற பதில்தான் வந்தது. லோகோரோகோக்களிலேயே கறுப்பு நிறத்தில் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்க்கவில்லையா என்றும் கேட்கலாம். இருக்கிறது. கனத்த ஆண்குரலில் பாடும் நல்ல பிள்ளை. ஆக, நிறம் மட்டும் குற்றமல்ல; நிறத்தோடு அந்த முடியும் அந்த உதடும் சேரும்போதுதான் ‘பகைவன்’ என்கிற குறி முழுமையாகிறது. தற்காப்புக்காகக் காட்டப்படும் சான்றே வழக்கை இன்னும் வலுவாக்கிவிடுகிறது.

கோனோ இனவெறியரா என்பது என் கேள்வி அல்ல. ஆசிரியரின் மனசைத் துழாவுவதை நாம் எப்போதோ விட்டாயிற்று. இந்தப் பிம்பம் ஜப்பானுக்கு எப்படி வந்தது என்பதுதான் விஷயம். 1854இல், கப்பல் பீரங்கிகளைக் காட்டி ஜப்பானின் கதவைத் திறக்க வைத்த அமெரிக்கத் தளபதி பெர்ரியின் மாலுமிகள், ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்தளித்தபோது முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் போல ஆடிப் பாடிக் காட்டினார்கள். உடன்படிக்கையும் பரிகாசமும் ஒரே கப்பலில் வந்திறங்கின. 1960இல் ‘டாக்கோச்சான்’ என்ற கறுப்புக் காற்றடைத்த பொம்மை, கையைக் கட்டிக்கொண்டு தொங்குவது, அங்கே பெரும் மோகமாயிற்று. ‘போக்கிமான்’ உருவங்களில் ஒன்றான ஜின்க்ஸின் கறுப்பு முகம் 2000இல் கண்டனத்துக்கு உள்ளாகி, பிற்பாடு ஊதாவாக மாற்றப்பட்டது. லோகோரோகோ வெளிவந்த அதே கோடையில்தான், 2006 ஜூலையில், வெள்ளை நிறக் கருவியை விற்க சோனி ஹாலந்தில் ஒரு விளம்பரம் வைத்தது. வெள்ளைப் பெண் ஒருத்தி கறுப்புப் பெண்ணின் தாடையைப் பிடித்து இறுக்கும் படம். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். விளம்பரத்தை எடுத்துவிட முடிந்தது. அதே ஆண்டு விளையாட்டுக்குக் கிடைத்தது பிரிட்டனின் பாஃப்டா பரிசு, குழந்தைகளுக்கான சிறந்த விளையாட்டு என்று.

இதையெல்லாம் ஏதோ ஜப்பானின் நோய் என்று தள்ளிவைத்துவிட முடியாது. காலண்டர் அசுரனின் நிறமும் மீசையும் நமக்குத் தெரியாததா? நண்பரின் மகள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். எட்டு வயசு, என்னைவிடக் கறுப்பு. ஒரு மோஜா வந்து நாலைந்தைக் கவ்வியதும், ‘மாமா, அந்தக் கறுப்பன் தூக்கிட்டுப் போறான்!’ என்று கத்தினாள். அந்தச் சொல்லை விளையாட்டு அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளிடம் அது ஏற்கெனவே இருந்தது; விளையாட்டு அதற்கு ஒரு உருவம் கொடுத்தது, அவ்வளவே. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நிலத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

‘ரீமாஸ்டர்’ எதை மாற்றியிருக்கிறது? விளிம்புகள் கூர்மையாகியிருக்கின்றன. 4.3 அங்குலத் திரையில் மங்கலாக இருந்த வண்ணங்கள் பெரிய தொலைக்காட்சியில் பளிச்சிடுகின்றன. பழைய கருவியில் திரையும் பொத்தானும் ஒரே பொருள். பூமியைச் சாய்க்க விரல் அழுத்தும்போது கையும் தன்னையறியாமல் சாயும், உலகத்தையே உள்ளங்கையில் ஏந்தியிருப்பதாகத் தோன்றும். இப்போது உலகம் எதிரே சுவரில் இருக்கிறது, நான் இங்கே சோபாவில். அந்தத் தூரம் விமர்சனத்துக்கு வசதி, விளையாட்டுக்கு நஷ்டம். மோஜாக்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். அவர்களுடைய உதட்டின் கோடும் கூர்மையாகியிருக்கிறது. ‘மூலத்தைத் தொடவில்லை’ என்பது இம்மாதிரி மறுவெளியீடுகளில் பெருமையாகச் சொல்லப்படுவது. அப்படி ஒரு ‘மூலம்’ உண்டென்று நம்புகிறவர்கள் அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கலாம். திருத்த மட்டும் கூடாது.

திருத்தியிருந்தால் சரியாகியிருக்குமா என்றும் எனக்குச் சந்தேகம்தான். ஜின்க்ஸுக்கு ஊதா பூசியது போல மோஜாவுக்குப் பச்சை பூசியிருக்கலாம். அதற்குப் பிறகும், பாடத் தெரிந்த, உருண்டையான ‘நாம்’ ஒரு பக்கம், சடை வைத்த ‘அவர்கள்’ மறுபக்கம் என்ற ஏற்பாடு அப்படியே இருந்திருக்கும். மோஜாவாக இருந்துகொண்டு நிலத்தைச் சாய்க்கும் வாய்ப்பை இந்த விளையாட்டு எந்தக் கட்டத்திலும் தருவதில்லை.

அன்று அந்தப் பெண்ணும் நானும் கட்டத்தை முடித்தபோது திரை 17 என்று காட்டியது. மூன்று பேர் எங்கேயோ பின்தங்கிவிட்டார்கள். முடிந்தது முடிந்ததுதான், விளையாட்டு அதற்காகக் கோபிப்பதில்லை, பாட்டும் நிற்பதில்லை. ‘மிச்ச மூணு பேரு எங்க மாமா?’ என்றாள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை அவளே வட்டப் பொத்தானை அழுத்தி, எல்லோரையும் சிதறவிட்டு, ஒவ்வொருவராகப் பொந்துக்குள் அனுப்பினாள். 19 வந்தது. அதற்குள் அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.