கடற்றொழிலாளர் குரலும் நமது எழுத்தும்

வல்வெட்டித்துறையின் கடல் வரலாறு என்றதும் நமது எழுத்துகள் ‘அன்னபூரணி’யோடு நின்றுவிடுகின்றன. அவ்வூரில் கட்டப்பட்ட அப்பாய்மரக் கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, ஊர் மாலுமிகளுடன் அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அதே கரையிலிருந்து விடியற்புறம் கட்டுமரத்தில் ஏறி, நாற்பது வருடம் தூண்டிலோடு தொழிலுக்குப் போன மனிதருக்கு நமது ஏடுகளில் இடமில்லை. கப்பலுக்குப் பத்திரிகைச் செய்தி சான்றாக உண்டு. இவருக்கு இவரது வாய்மொழியே சான்று. 1980களின் நடுவில் கடற்தடைகள் வந்தபோது இருபது வயதாயிருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்.

2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் அச்சு நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருவது நல்ல தொடக்கம். எனினும் இவ்வகைப் பதிவுகளைப் பிரதியாகக் கொண்டு வாசிக்கும் விமர்சனம் நம்மிடம் வளரவில்லை. பதிவு செய்வோர் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது கேள்வி. யுத்தம், 2004 ஆழிப்பேரலை, இந்திய இழுவைப் படகுகள் என இழப்புகளை மட்டும் கேட்டால் முதியவர் சாட்சியாகச் சுருங்கிவிடுகிறார். கோபுரத்தையும் பனையையும் நேர்பிடித்துக் கடலில் இடம் அறிந்த அவரது அறிவு கேட்கப்படாமலே போகிறது.

இரண்டாவது மொழி. “சோளகம் பெயர்ந்திட்டுது” என்று அவர் சொல்வதைத் ‘தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்தது’ என்று திருத்தி எழுதும்போது காற்றின் பெயரோடு அவரும் அழிகிறார். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கடலைக் கடலோடியின் சொல்லாலேயே கட்டியதால் நிலைத்தது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) நமது பேச்சுமொழிக்கு இலக்கிய மதிப்புத் தந்த பெரும் படைப்பு. ஆயினும் அதன் மையம் கரையின் அதிகாரமே, கடற்றொழில் அன்று.

மூன்றாவது நம்பகம். யார் சொன்னார், யாரிடம், எங்கே, எப்போது என்ற அறிவிப்பாளர் வரிசையின் அருமை ஹதீஸ் கலை அறிந்த நமக்குத் தெரியாததல்ல. அக்குறிப்புகளற்ற ஒலிநாடாவால் பயன் குறைவு. சொன்னவர் வெளியிட வேண்டாமென்றதை வெளியிடாதிருப்பதும் கடமை. பதிவு என்பது அமானிதம்.

இதனை முஸ்லிம் எழுத்தாளர் ஏட்டில் எழுதக் காரணம் உண்டு. வல்வெட்டித்துறைச் சைவத் தண்டையல் பிடித்த ‘சுக்கான்’ அரபுச் சொல். ‘மாலுமி’யும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்ததே. ஆசிரியனையும் கடலோடியையும் ஒரே சொல்லால் அழைத்த அந்த உறவு ஏட்டில் எழுதப்பட்டதைவிட நாவில் வாழ்ந்ததே அதிகம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் மன்னார்க் கடற்றொழிலாளரும் இருந்தனர். கற்பிட்டி, புத்தளம் பக்கம் வளர்ந்த அவர்களது பிள்ளைகள் வேறொரு கடலைப் படித்தார்கள். தகப்பன் படித்த கடல் தகப்பனிடமே இருக்கிறது.

வல்வெட்டித்துறைக் கிழவரையும் எருக்கலம்பிட்டி வாப்பாவையும் ஒரே தொகுப்பில் பேசவிடும் நூல் நமக்கு வேண்டும். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசியும், குறுக்கிடாமல் கேட்கும் பொறுமையும் போதும்.