மாளிகையிலே பேய்! சுரங்கத்திலே?

அமெரிக்காவின் மாண்டனா மாநிலத்திலே பியூட் என்றொரு பழைய செம்புச் சுரங்க நகரம். அங்கே 'பேய் உலா' நடத்துகிறார்கள். கட்டணம் செலுத்திப் பழைய வீடுகளிலே ஆவி தேடுகிறார்கள்! விஞ்ஞானம் வளர்ந்த நாட்டிலா இந்த வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போக நாம் விரும்பவில்லை.

செம்புச் சீமான் வில்லியம் கிளார்க் 1884 முதல் 1888 வரை எழுப்பிய 34 அறை மாளிகையிலும் ஆவி உலவுவதாகக் கதை உண்டு. பழைய மரம் குளிரிலே சுருங்கினால் ஒலி எழும். அந்த ஒலிக்கு உருவம் கொடுப்பது அச்சம்!

அதே நகரில், வேறொரு நிறுவனத்தின் சுரங்கத்தில், 1917 ஜூன் 8 அன்று, எண்ணெய் தோய்ந்த மின்வடத்தில் விளக்குச் சுடர் பட்டது. தீயிலும் நச்சுப்புகையிலும் 168 தொழிலாளர் மாண்டனர். தப்பியோடியோரை மறித்து நின்றது பேயா? இல்லை, தோழர்களே! சட்டம் கேட்ட கதவு வைக்கப்படாத கான்கிரீட் சுவர்! இருளிலே சாவை எதிர்நோக்கியபடி சிலர் வீட்டாருக்குக் கடிதம் எழுதினர். வேலைநிறுத்தம் மூண்டது, தொழிலாளர்க்குத் துணைநின்ற பிராங்க் லிட்டிலை ஆகஸ்டு 1 அன்று முகமூடியினர் தூக்கிலிட்டனர். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

பேய்க்கதை பொய் என்பது சிறு குற்றம். சாவைக் காட்டிப் பயமுறுத்தும் அது, அந்தச் சாவுக்குக் காரணம் கேட்பதில்லை, அதுவே பெருங்குற்றம்! மாண்டவர் சாட்சி சொல்ல ஆவியாக எழுந்து வரவேண்டியதில்லை. அவர்தம் கடிதங்கள் இருக்கின்றன. படிக்கத்தான் ஆள் வேண்டும்!