‘திருந்தா மொழிகள்’ என்னும் வகைப்பாடு: தோடா, கோத்தா மொழிகளை முன்வைத்து ஒரு மறுபார்வை

முன்னுரை

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூல் திராவிட மொழிகளைத் திருந்திய மொழிகள், திருந்தா மொழிகள் என இரு கூறாக்கிற்று. நீலகிரி மலையில் தொதவர் பேசும் தோடாவும் கோத்தர் பேசும் கோத்தாவும் பின்னதில் வைக்கப்பட்டன. எழுத்தும் ஏட்டிலக்கியமும் உடைமையே திருத்தத்தின் அளவுகோலாயிற்று. தமிழ் மொழிவரலாற்றுப் பாடங்களில் நெடுங்காலம் வழங்கிவரும் இவ்வகைப்பாடு, அருகிவரும் இவ்விரு மொழிகளையும் நாம் நோக்கும் முறையை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலியியற் சான்று

எழுத்தில்லாத மொழி தமிழின் சிதைவே என்னும் எண்ணம் ஆய்வுலகிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. ‘செவி’ என்னும் சொல்லே இதனை மறுக்கப் போதுமானது. முன்னுயிர்க்கு முன் நின்ற மொழிமுதற் ககரம், நாவளை ஒலி தொடராத இடங்களில், தமிழில் சகரமாகத் திரிந்தது. கோத்தாவில் இச்சொல் ‘கெவ்’ என்றும் கன்னடத்தில் ‘கிவி’ என்றும் வழங்குகின்றது. இவ்விடத்தில் மூல ஒலியைக் காத்து நிற்பது கோத்தாவே, திரிந்தது தமிழ். தோடாவிலோ நாவின் தொடுநிலை வேறுபாட்டால் மூவகை ரகர ஒலிகள் பொருள் வேறுபடுத்துகின்றன. பெரி பாஸ்கரராவ், பீட்டர் லேடிஃபோகெட் முதலியோர் 1990களில் நிகழ்த்திய ஒலியியல் ஆய்வுகள் இதனைக் கருவிகளின் துணைகொண்டு நிறுவியுள்ளன. இத்தகைய மொழியைத் திருந்தாதது என்பது மொழியியல் அடிப்படையற்ற கூற்றாகும்.

வாய்மொழி இலக்கியமும் எமனோவின் பணியும்

1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணியாற்றிய எம்.பி. எமனோ, ‘கோத்தா உரைகள்’ (1944-46), ‘தோடாப் பாடல்கள்’ (1971), ‘தோடா இலக்கணமும் உரைகளும்’ (1984) என்னும் பெருந்தொகுதிகளை ஆங்கிலத்தில் வழங்கினார். தொதவர் பாடல்கள் இணையிணையாக அமைந்த மரபுத் தொடர்களால் இயல்வன என்பதையும், அத்தொடர்க் களஞ்சியத்தைக் கைக்கொண்டு தொதவர் புதுப்பாடல் புனைவர் என்பதையும் அவர் விளக்கினார். ஏடில்லாமையை இலக்கியமின்மையாகக் கொண்ட பழைய அளவுகோல் இதனால் தகர்கிறது எனலாம்.

ஆயினும் அப்பணிக்கும் ஓர் எல்லை உண்டு. கோத்தா உரைகள் சுல்லி என்னும் ஒரே கதைசொல்லியின் வாய்மொழியைச் சார்ந்தவை. அவர் திறம் பெரிது. எனினும் ஒருவர் குரல் ஊர்க்குரல் ஆகிவிடாது. பெண்டிர் பேச்சு, சிறார் பேச்சு, பல ஊர் வழக்கு ஆகியவற்றை அத்தொகுதியிலிருந்து பெற இயலாது. பின்வந்தோருட் பலர் எமனோவும் பர்ரோவும் தொகுத்த வேர்ச்சொல் அகராதியில் தமிழுக்கு இணைச்சொல் தேடியதோடு அமைந்தனர். சொல் சான்றாயிற்று, அதைப் பேசுவோர் ஆய்வுக்குப் புறம்பாயினர்.

பதிவும் வாழ்வும்

பதிவு மட்டுமே ஒரு மொழியைக் காக்குமா என்னும் வினா இங்கு எழுகிறது. துங்குசியக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சு மொழி இதற்கு விடை தருகிறது. 1644 முதல் 1912 வரை சீனத்தை ஆண்ட சிங் மரபின் அரசமொழி அது. தனி எழுத்தும் எண்ணிறந்த ஆவணங்களும் அதற்கு உண்டு. இருந்தும், அதனைத் தாய்மொழியாகப் பேசுவோர் வடகிழக்குச் சீனச் சிற்றூர்களில் மிகச் சில முதியோராகச் சுருங்கினர். கால்டுவெல் அளவுகோலின்படி ‘திருந்திய’ மொழியே ஆயினும், இளையோர் நாவில் இடம்பெறாமையால் அது மெலிந்தது.

தோடா, கோத்தா மொழிகளுக்கு அத்தகைய ஏட்டுச் செல்வமும் இல்லை. பேசுவோர் தொகையும் சில ஆயிரங்களைத் தாண்டாது. 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் தாய்மொழிகளை இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1971 முதல் தனித்தனியே வெளியிடுவதில்லை. ஆகவே அட்டவணையிலும் அவை காணப்படா.

பெங்களூரு ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளில் வாழும் தமிழரின் நிலையோடு இதனை ஒப்பிடுதல் தகும். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் கன்னடமுமாக வாழ்வோர், தம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வாய்க்குமா எனக் கவலை கொள்வது இயல்பு. அவர்க்குப் பின்னால் ஒரு மாநிலமும் பல பல்கலைக்கழகங்களும் உள்ளன. கோத்தருக்கோ அவர்தம் ஏழு ஊர்களுக்கு அப்பால் மொழிப்புலம் இல்லை. மேலும், ஆஸ்டின் டவுனில் கன்னடம் நிற்கும் இடத்தில் நீலகிரியில் நிற்பது தமிழே. அங்கே பள்ளியின் மொழி, அலுவலகத்தின் மொழி, சந்தையின் மொழி தமிழ். எல்லைக்கு அப்பால் சிறுபான்மை உரிமையை வேண்டும் தமிழியல், எல்லைக்குள் தானே பெரும்பான்மையாய் நிற்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளது.

முடிவுரை

தோடாவும் கோத்தாவும் தமிழின் சிதைவுகள் அல்ல. தமிழின் தொன்மைக்குச் சான்று கூறுவதற்காக மட்டும் வாழும் மொழிகளும் அல்ல. ‘திருந்தா மொழிகள்’ என்னும் தொடர் பாடநூல்களில் வரலாற்றுச் செய்தியாக நிற்கலாம். வகைப்பாடாக நிற்றல் ஆகாது. அம்மொழிகளைப் பேசுவோரே ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் அமையும் சூழலை உருவாக்குவதே தமிழ்த்துறைகள் இனிச் செய்யத்தக்க பணியாகும். ‘கெவ்’ என்னும் சொல் அகராதியில் இருப்பது போதாது; கோத்தர் சிறார் நாவில் நிலைத்தல் வேண்டும்.